பிறருக்குப் பரிசு தேரும் பிள்ளை: பிறந்தநாளும் பணம் பற்றிய முதல் அறிவும்

இன்றைய தமிழகத்து நடுத்தரக் குடும்பத்தில் வளரும் சிறு குழந்தை, வீட்டின் பொதுப் பொருள்களிலிருந்து பிரித்து ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ளத்தக்க பொருளையும் பணத்தையும் பெரும்பாலும் தன் பிறந்தநாளன்றுதான் பெறுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் புத்தாடையும் பலகாரமும் வீட்டார் அனைவருக்கும் உரியவை. பிறந்தநாளில் வருபவையோ அக்குழந்தையின் பெயருக்கே வருகின்றன. எனவே பிறந்தநாளுக்கு எதைப் பரிசளிப்பது என்ற கேள்வியும், பணத்தைப் பற்றிச் சிறுவருக்கு எப்போது, எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்வியும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன. பெற்றோருக்கு அறிவுரை கூறுவோர் இவ்விரண்டையும் இணைத்துப் பேசும்போது, குழந்தை பெறும் பரிசின்மீதே கண் வைக்கின்றனர்: உண்டியல் வாங்கித் தரலாம், அரைக் கிராம் தங்க நாணயம் வாங்கலாம், குழந்தையின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்பன அவர்கள் வழக்கமாகக் கூறும் யோசனைகள். ஆனால் குழந்தைகளின் பொருளாதார அறிவு எவ்வாறு வளர்கிறது என்பது குறித்துக் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துள்ள ஆய்வுகளைச் சேர்த்து நோக்கினால், தான் பெறும் பரிசைக் காட்டிலும், இன்னொருவருக்காகக் கடையில் நின்று தேர்ந்தெடுக்கும் பரிசே ஒரு குழந்தைக்குப் பணத்தைப் பற்றி அதிகம் கற்றுத்தரும் என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன.

பிறந்தநாளுக்குப் பொருள் கொடுக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் பழமையானது அன்று. முன்பெல்லாம் பிறந்த மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, கோயிலில் குழந்தையின் பெயருக்கு அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசம் வைப்பதோடு அந்நாள் முடிந்துவிடும். ஆண்டு நிறைவு எனப்படும் முதல் பிறந்தநாள், அறுபதாம் கலியாணம் போன்றவை மட்டுமே ஊரையும் உறவையும் அழைத்துச் செய்யப்படும். காலில் விழுந்து வணங்கும் குழந்தையின் கையில் தாத்தாவோ அத்தையோ ஒரு நோட்டை வைப்பதுண்டே தவிர, வண்ணத்தாளில் சுற்றிய பொட்டலங்களை வரிசையாக அடுக்கும் காட்சி, ஆங்கில நாட்காட்டித் தேதியும் கேக்கும் பள்ளித் தோழர்களை அழைக்கும் விருந்தும் பரவியதை ஒட்டி வந்தது. வந்த பொருளின் தன்மையும் இதனால் மாறியது. முன்பு கொடுத்தவர்கள் அனைவரும் குழந்தையைவிட மூத்தவர்கள். கொடுத்ததைத் திருப்பித் தர வேண்டிய கடமை அக்குழந்தைக்கு இல்லை. இப்போது கொடுப்பவர்களுள் ஒத்த வயதினரும் உள்ளனர். அவர்களுடைய பிறந்தநாள் வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும்.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடமைகளால் ஆனது என்று காட்டினார். விருப்பத்தின்பேரில் நடப்பதாகத் தோன்றும் கொடைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்பதே அவர் கண்டது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க மோஸ் தேவையில்லை என்றும் சொல்லலாம். மொய் எழுதும் வழக்கம் அதை வெளிப்படையாகவே செய்கிறது. காதணி விழாவிலோ திருமணத்திலோ பந்தலின் வாயிலருகே மேசை போட்டு அமர்ந்திருப்பவர், வருபவரின் ஊரையும் பெயரையும் கேட்டு, தொகையை நோட்டில் எழுதிக்கொள்கிறார். சில ஊர்களில் அது ஒலிபெருக்கியில் படிக்கவும் படுகிறது. அண்மைக் காலத்தில் கணினியில் பதிந்து ரசீது அச்சிட்டுத் தருவதும் நடக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் எல்லையை ஒட்டிய பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும் மொய் விருந்தில், வேறு எந்தச் சடங்கும் இன்றி, ஆட்டுக்கறி விருந்து வைத்து மொய் மட்டுமே வாங்கப்படுகிறது. பழைய மொய்யைத் திருப்பிச் செய்வதோடு, மேலும் ஒரு தொகையைப் ‘புதுநடை’யாகச் சேர்த்துப் போடுவது அங்கு முறை. வட்டியில்லாத கடனாகவும், உறவைத் தொடரும் வழியாகவும், மறைமுகச் சேமிப்பாகவும் அது ஒருசேர இயங்குகிறது. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒரு ரூபாயைக் கூட்டி வைப்பதற்கும், கணக்கு முழுமையாகத் தீர்ந்துபோகாமல் உறவு நீள வேண்டும் என்பதையே பலரும் காரணமாகச் சொல்கின்றனர்.

இத்தகைய சமூகம், குழந்தைக்குத் தரும் பொம்மையில் ஒட்டியுள்ள விலைச் சீட்டை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுக்கிறது. மொய்யில் தொகையை அறிவிப்பது மரியாதை; பரிசில் தொகையை மறைப்பது மரியாதை. அமெரிக்கச் சமூகவியலாளர் விவியானா செலிசர், பணத்தின் சமூகப் பொருள் குறித்து 1994இல் வெளியிட்ட நூலில், ஒரே நாணயம் எந்த உறவுக்குள் கைமாறுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு பணமாக நடத்தப்படுகிறது என்று நிறுவினார்: கூலியாக வந்த நூறு ரூபாயும், ஆசியோடு வந்த நூறு ரூபாயும் வீட்டுக்குள் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை, ஒரே காரியத்துக்குச் செலவிடப்படுவதுமில்லை. பணத்தைப் பற்றிக் குழந்தை கற்க வேண்டியது கூட்டலும் கழித்தலும் மட்டுமல்ல என்பது இதனால் விளங்கும். எங்கே விலையைக் கேட்கலாம், எங்கே கேட்கலாகாது, எதைக் கணக்கில் எழுத வேண்டும், எதை எழுதாமல் மனத்தில் வைக்க வேண்டும் என்பவையும் பண அறிவில் அடங்கும். ‘இது என்ன விலை?’ என்று விருந்தினரிடமே கேட்டுவிடும் ஏழு வயதுப் பிள்ளையை வீட்டார் அதட்டுகின்றனர். அதே பிள்ளையைக் காலையில் கடைக்கு அனுப்பும்போது, விலை கேட்காமல் வாங்கி வந்ததற்காக அதட்டியதும் அவர்கள்தாம்.

இவ்வளவு நுட்பமான பாடத்தைக் கற்கத் தொடங்கும் குழந்தைக்குப் பணத்தைப் பற்றி முதலில் என்ன தெரியும்? இத்தாலிய உளவியலாளர்களான அன்னா எமிலியா பெர்த்தி, அன்னா சில்வியா போம்பி ஆகியோர் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு இன்றும் அடிப்படையாக உள்ளன. தொடக்கத்தில், பொருள் வாங்கினால் பணம் கொடுக்க வேண்டும் என்பதே குழந்தைக்குத் தெரிவதில்லை. அடுத்து, கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் எந்த நாணயம் கொடுத்தாலும் எந்தப் பொருளும் கிடைக்கும் என்று நினைக்கிறது. பின்னர் நாணயங்களுக்குள் வேறுபாடு உண்டு என்பதையும், சில வேளைகளில் கையிலுள்ள பணம் போதாது என்பதையும் உணர்ந்து, விலைக்குச் சரியாகப் பணம் எண்ணித் தரும் நிலையை அடைந்து, இறுதியாகவே மீதிச் சில்லறை ஏன் திரும்பி வருகிறது என்பதைப் புரிந்துகொள்கிறது. இந்த வரிசையில், போதாமையை உணரும் கட்டம் தனிக் கவனத்துக்குரியது. பணத்தைப் பற்றிய ஏனைய அறிவுகள் அனைத்தும் அதன்மீதே கட்டப்படுகின்றன. ஆனால் எல்லாவற்றையும் பெற்றோரே வாங்கித் தரும் வீட்டில், குழந்தை அதைத் தானே உணர்வதற்கு வாய்ப்பே அமைவதில்லை. ‘காசு இல்லை’ என்ற சொல்லைக் கேட்பது வேறு. தன் கையிலுள்ள தொகை ஒரு பொருளுக்கு எட்டாமல் நிற்பதைக் காண்பது வேறு.

காண்பதன் வலிமையைக் குஸ்தாவ் யகோடாவின் ஆய்வுகள் இன்னும் தெளிவாகக் காட்டின. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரச் சிறுவர்களைக் கடை விளையாட்டு விளையாடச் செய்து அவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கடைக்காரர் தாம் விற்கும் விலையைவிடக் குறைந்த விலைக்குக் கொள்முதல் செய்கிறார், அந்த வேறுபாடே அவரது வருவாய் என்பது பத்து வயதை நெருங்கும் பிள்ளைகளுள் பலருக்கும் பிடிபடவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஜிம்பாப்வேயில் ஒன்பது முதல் பதினொரு வயதுவரை உள்ள சிறுவர்களிடம் அதே வினாவை எழுப்பியபோது, அவர்கள் ஐரோப்பியச் சிறுவர்களைவிட முன்னேறியிருந்தனர். அவர்களுக்குச் சிறுவணிகம் கண்ணெதிரே நடந்தது. பலர் அதில் கைகொடுத்தும் வந்தனர். பெட்டிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, பள்ளி விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது கற்பதை, மாதச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளை பாடநூலில் படித்து எட்டிப்பிடிப்பது எளிதன்று. கற்பித்தலைவிடப் பங்கேற்றலே பண அறிவைத் தருகிறது என்பது இவ்வாய்வுகளிலிருந்து கிடைக்கும் பொதுவான செய்தி.

பிறந்தநாள் பரிசைப் பொருளியலாளர்கள் நோக்கிய விதம் வேறு. ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வு கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றியதாயினும், அதன் வாதம் எல்லாப் பரிசுக்கும் பொருந்துவது. பரிசு பெற்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், அப்பொருளின் விலை என்னவாக இருக்கும் என்றும், உணர்ச்சி மதிப்பை நீக்கிவிட்டு அப்பொருளுக்குத் தாங்கள் எவ்வளவு தரத் தயார் என்றும் கேட்டு ஒப்பிட்ட அவர், பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்று மதிப்பிட்டார். நெருங்கிய தோழர்கள் தந்த பரிசுகளில் இழப்பு குறைவாகவும், தாத்தா பாட்டி, மாமா, அத்தை போன்றோர் தந்தவற்றில் மிகுதியாகவும் இருந்தது. மூத்த உறவினர்கள் பொருளுக்குப் பதிலாகப் பணமே கொடுத்துவிடும் போக்கும் காணப்பட்டது. பேரனுக்கு எது பிடிக்கும் என்பது தெரியாதபோது நோட்டாகக் கையில் வைத்துவிடும் தமிழ்த் தாத்தாவும் இதே கணக்கைத்தான் போடுகிறார். உணர்ச்சி மதிப்பை நீக்கிவிட்டுப் பரிசை அளப்பது, உப்பை நீக்கிவிட்டுக் குழம்பைச் சுவைப்பது போன்றது என்று இவ்வாய்வைக் குறை கூறலாம். ஆயினும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பெறுபவரை அறிந்திருத்தல் என்பது பரிசின் மதிப்பைக் கூட்டுகிறது. அறியாமை பணத்தைக் கரைக்கிறது. ஒரு குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதைப் பெரியவர்களைவிட அதன் வகுப்புத் தோழன் நன்கு அறிந்திருக்கக் கூடும். ஆனால் தோழன் தரும் பரிசைக் கடையில் தேர்ந்தெடுப்பவர் அநேகமாக அவனுடைய தாயோ தந்தையோதான்.

தாத்தா கையில் வைத்த நோட்டுக்கு அடுத்து என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘அம்மாகிட்ட குடு, பத்திரமா வெச்சிருக்கேன்’ என்ற சொற்களோடு அது தாயின் கைப்பைக்குச் செல்கிறது. மாதக் கடைசியில் பால்காரருக்கோ கேஸ் சிலிண்டருக்கோ போய்விடுகிறது. குழந்தையின் பெயரில் மீண்டும் அது பேசப்படுவதே இல்லை. இதைச் சிறு ஏமாற்று என்று யாரும் கருதுவதில்லை. குடும்பத்தின் பணம் குடும்பத்துக்கே போகிறது என்ற நியாயமும் அதில் உண்டு. எனினும் சேமிப்புப் பழக்கத்தை வளர்க்க விரும்பும் வீட்டில் இதன் விளைவு பெரிது என்று எண்ண ஓர் ஆய்வு இடமளிக்கிறது. 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷல் நடத்திய சோதனைகள் நன்கு அறியப்பட்டவை: இப்போதே உண்டால் ஓர் இனிப்பு, சிறிது நேரம் பொறுத்தால் இரண்டு. பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் கல்வியில் சிறந்தனர் என்ற முடிவு உலகெங்கும் பரவி, பொறுமை என்பது பிறவிக் குணம் போன்றது என்ற எண்ணத்தை ஊன்றியது. 2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, அத்தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் பாதியளவே இருந்தது. குடும்பத்தின் வசதியையும் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது மேலும் சுருங்கியது.

அதைவிடத் தமிழ் வீட்டுக்கு நெருக்கமானது, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்தி 2013இல் வெளிவந்த சோதனை. அதில் இனிப்பை வைப்பதற்கு முன்பே, 28 குழந்தைகளுள் ஒரு பாதியினருக்கு, ‘இன்னும் நல்ல வண்ணப் பொருள்களைக் கொண்டுவருகிறேன், காத்திரு’ என்று கூறிய ஆய்வாளர் சொன்னபடி கொண்டுவந்தார். மறு பாதியினரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். பின்னர் இனிப்புச் சோதனை நடந்தபோது, வாக்கு நிறைவேறக் கண்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். வாக்குப் பொய்க்கக் கண்டவர்கள் மூன்று நிமிடமே காத்திருந்தனர். காத்திருக்காத குழந்தையிடம் கட்டுப்பாடு குறைவு என்பதைவிட, நம்பிக்கை குறைவு என்பதே பொருத்தமாகலாம். அவ்வாறாயின், பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிய பிறந்தநாள் பணத்தைத் திரும்பக் காட்டாத பெற்றோர், அதே குழந்தைக்கு உண்டியல் வாங்கித் தந்து சேமிக்கச் சொல்வது பயன் தருமா என்ற ஐயம் எழுகிறது. சேமித்த பணத்தைப் பற்றி இளங்குழந்தைகள் கொள்ளும் எண்ணமும் இதற்குத் துணை சேர்க்கிறது. எட்மண்ட் சோனுகா-பார்க், பால் வெப்லி ஆகியோர் இங்கிலாந்தில் நடத்தி 1993இல் நூலாக வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு வங்கியில் பணம் போட்ட நான்கு வயதுப் பிள்ளைகள் அதைத் தொலைந்த பணமாகவே கருதினர். திரும்ப எடுக்கலாம் என்ற உறுதி அவர்களுக்கு வயது ஏற ஏறவே வந்தது.

மண் உண்டியலின் அமைப்பு இந்த இடர்ப்பாட்டைக் கூட்டவும் செய்கிறது, ஓரளவு தீர்க்கவும் செய்கிறது. நாணயம் உள்ளே போகும், வெளியே வராது. உடைத்தால்தான் எடுக்க முடியும். சிற்றாசியாவின் பிரியேன் நகரில் கிடைத்த, கோயில் வடிவில் அமைந்த கி.மு. இரண்டாம் நூற்றாண்டு மண் பெட்டியும், ஜாவாவில் மஜாபாகித் பேரரசுக் காலத்தில் செய்யப்பட்ட காட்டுப்பன்றி வடிவ மண் உண்டியல்களும் இதே எண்ணத்தில் பிறந்தவை. திருவிழாக் கடைகளில் குயவர் விற்கும் உண்டியலைக் குலுக்கினால் ஒலி வரும், கையில் தூக்கினால் கனம் தெரியும். உள்ளே பணம் இருக்கிறது என்பதற்கு இவை சான்று. தாயின் கைப்பையிலோ வங்கிக் கணக்கிலோ உள்ள பணத்துக்கு அத்தகைய சான்று இல்லை. பள்ளிகளில் மாணவரே நடத்தும் சேமிப்பு வங்கியாக 1970இல் தொடங்கப்பட்ட சஞ்சாயிகா திட்டமும், பத்து வயது நிறைந்த சிறுவர் தம் கையெழுத்திலேயே நடத்தக்கூடிய அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும், 2014இல் ரிசர்வ் வங்கி அதே வயதினருக்கு வங்கிகளில் அளித்த அனுமதியும் நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு, கண்ணாடிச் சாடியில் பணத்தைப் போட்டுக் கண்ணெதிரே வைப்பதே மேல். பெரியவர் அதிலிருந்து அவசரத்துக்கு எடுக்க நேர்ந்தால், எடுத்த தொகையைச் சீட்டில் எழுதிச் சாடிக்குள் போட்டு, திருப்பி வைக்கும்போது அச்சீட்டைக் குழந்தையின் முன் கிழிப்பது மொய் நோட்டை அறிந்த சமூகத்துக்குக் கடினமான செயல் அன்று.

சேமிப்பைக் காட்டிலும் செலவே பணத்தைப் பற்றி அதிகம் கற்பிக்கிறது. அச்செலவு பிறருக்காக நடக்கும்போது கற்றல் இரட்டிப்பாகிறது. பிறருடைய விருப்பம் தன் விருப்பத்திலிருந்து வேறுபடும் என்பதைக் குழந்தை எப்போது உணர்கிறது என்பது குறித்து, பெட்டி ரெபாச்சோலி, அலிசன் கோப்னிக் ஆகியோர் 1997இல் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். குழந்தையின் முன்னே பிஸ்கட் ஒரு கிண்ணத்திலும், புரோக்கோலிப் பூ இன்னொரு கிண்ணத்திலும் வைக்கப்பட்டன. ஆய்வாளர் புரோக்கோலியைச் சுவைத்து மகிழ்ந்து, பிஸ்கட்டைச் சுவைத்து முகம் சுளித்துவிட்டுக் கை நீட்டியபோது, பதினான்கு மாதக் குழந்தைகள் தமக்குப் பிடித்த பிஸ்கட்டையே எடுத்துக் கொடுத்தன; பதினெட்டு மாதக் குழந்தைகள் புரோக்கோலியைக் கொடுத்தன. அறிவு அவ்வளவு இளமையிலேயே அரும்பினாலும், அதைப் பரிசுத் தேர்வில் பயன்படுத்தப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஜான் ஃப்ளேவெலும் அவருடைய குழுவினரும் 1968இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற சோதனையொன்றில், கழுத்துப் பட்டை, பெண்கள் அணியும் காலுறை, பொம்மை லாரி, பொம்மை, பெரியவர் படிக்கும் புத்தகம் போன்றவற்றை வைத்து, தந்தைக்கு எது, தாய்க்கு எது, உடன்பிறந்தோருக்கு எது என்று தேர்ந்தெடுக்கக் குழந்தைகளைக் கேட்டனர். மூன்று வயதினருள் பலர் தந்தைக்கு லாரியைத் தேர்ந்தனர். ஆறு வயதினர் ஏறக்குறையத் தவறின்றித் தேர்ந்தனர்.

மூன்று வயதுக் குழந்தையின் தவறு அறியாமையால் நேர்வது என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. கிறிஸ்டினா அடான்ஸ், ஜூலி பெலாஞ்சர், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் ஆகிய மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுக்கிறது. தாய்க்குப் பரிசாகப் பொம்மையா, பத்திரிகையா என்று கேட்டபோது பொம்மையையே தேர்ந்த அதே வயதுக் குழந்தைகள், பொம்மை தமக்குக் கிடைத்த பிறகு அல்லது கிடைக்கும் என்று உறுதி தரப்பட்ட பிறகு கேட்டபோது, தாய்க்குப் பத்திரிகையைத் தேர்ந்தனர். தாய்க்கு எது வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தம் ஆசை அந்த அறிவை மறைத்து நின்றது. தோழியின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கச் சென்ற இடத்தில் அடம்பிடிக்கும் பிள்ளையைத் தன்னலமி என்று கடிந்துகொள்வதற்கு முன் இம்முடிவை நினைவிற் கொள்வது தகும். ‘உனக்கு வேண்டியதை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்ற உறுதி, சொன்னபடி காப்பாற்றப்படும் வீட்டில், தோழியின் பக்கம் அதன் கண்ணைத் திருப்பப் போதுமானது.

பரிசுத் தேர்வு பற்றிய இந்த ஆய்வுகள் எவற்றிலும் குழந்தையின் கையில் பணம் இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். பரிசுப் பொருள்கள் மேசையில் விலையின்றிக் கிடந்தன. உண்மையான கடையிலோ, விருப்பத்தோடு விலையும் சேர்கிறது. தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் இருநூறு ரூபாயோடு நுழையும் ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் பெரும்பாலும் பளபளக்கும் பிளாஸ்டிக் பொருள்களே தொங்கவிடப்பட்டிருக்கும். கலர் பென்சில் பெட்டியும் கதைப் புத்தகமும் மேல்தட்டில் இருக்கும். விளக்கெரியும் காரை எடுத்து வரும் பிள்ளையிடம், விலைச் சீட்டில் உள்ள முதல் எண் இரண்டா மூன்றா என்று கேட்டால், அது மூன்று என்று சொல்லும். மூன்றில் தொடங்கும் முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க் காருக்குக் கையிலுள்ள இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் போதா என்பதை அங்கேயே அது காண்கிறது. பெர்த்தியும் போம்பியும் விவரித்த போதாமைக் கட்டம் இங்கே அறிவுரையின்றி நிகழ்கிறது. அடுத்துத் தோழனைப் பற்றிய கேள்விகள் வருகின்றன: அவனிடம் முன்பே என்ன இருக்கிறது, வகுப்பில் எதை அவன் கடன் கேட்கிறான், எதை எடுத்துக்கொண்டு விளையாடப் போகிறான். நூற்று இருபது ரூபாய்க்கு ஸ்கெட்ச் பேனாப் பெட்டி வாங்கினால் எண்பது மிஞ்சும். அந்த எண்பதுக்குள் வரைபடத் தாள் கட்டு ஒன்றையும் சேர்க்கலாமா என்று பிள்ளை கேட்கத் தொடங்கும்போது, விலையும் உறவும் ஒரே மனத்துக்குள் இடம்பிடித்துவிட்டன. அதன்பின் பெரியவர் செய்யக் கூடாதது ஒன்றுதான்: இது போதாது, பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, பிள்ளை தேர்ந்ததை வைத்துவிட்டு விலை கூடிய வேறொன்றைத் தாமே எடுத்து வைப்பது. நடைமுறையில் மிகுதியாக நடப்பதும் அதுவே.

பணத்தைச் சிறு வயதிலேயே கையாள விடுவதால் தீங்கு உண்டா என்ற ஐயத்தையும் ஆய்வுகள் முற்றிலும் தள்ளிவிடவில்லை. அகாடா கோன்சியோரோவ்ஸ்கா முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள போலந்து நாட்டுக் குழந்தைகளுள் சிலர் நாணயங்களையும் நோட்டுகளையும் பிரித்து அடுக்கினர். வேறு சிலர் பொத்தான்கள் போன்ற பிற பொருள்களை அடுக்கினர். பணத்தை அடுக்கியவர்கள் அடுத்துத் தரப்பட்ட கடினமான வேலையில் கூடுதல் விடாமுயற்சி காட்டினர். ஆனால் பிறருக்கு உதவுவதிலும் பகிர்வதிலும் பின்தங்கினர். பணத்தின் பயனை இன்னும் அறியாத வயதிலேயே இவ்விளைவு தோன்றியது வியப்புக்குரியது. மறுபுறம், லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் 2012இல் கண்டபடி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளும் தமக்குத் தின்பண்டம் கிடைத்தபோதைவிட அதைக் கைப்பாவைக்குக் கொடுத்தபோது மிகுந்த மகிழ்ச்சியைக் காட்டினர். அதிலும் ஆய்வாளர் தந்த வேறொரு பண்டத்தைக் கொடுத்தபோதைவிட, தம் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது மகிழ்ச்சி கூடியது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பணத்தை எண்ணி அடுக்குவதே நோக்கமாகும் பயிற்சியைவிட, பணம் பிறருக்கான பொருளாக மாறி முடியும் பயிற்சியே சிறு வயதுக்கு ஏற்றது என்று கொள்ளலாம். இது இரு வேறு சோதனைகளிலிருந்து உய்த்துணர்ந்த முடிவே தவிர, நேரடியாகச் சோதிக்கப்பட்டது அன்று. ஆயினும் அக்னின் குழுவினர் கண்டது, பரிசுக்கான தொகையில் ஒரு சிறு பகுதியேனும், ஓர் இருபது ரூபாயாயினும், பிள்ளையின் சாடியிலிருந்து வருவது நல்லது என்ற நடைமுறைக் குறிப்பையும் தருகிறது. விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வணிகர் ஒதுக்கித் தந்த மகமையோடு வீடுதோறும் பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசியும் துணை நின்றது என்பதை எண்ணினால், தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுப்பதன் பொருளைத் தமிழ்ப் பெண்கள் ஆய்வுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

2016க்குப் பின் பரவிய யு.பி.ஐ. முறையால் வேறொரு சிக்கல் எழுந்துள்ளது. கடையில் பெற்றோர் கைப்பேசியைச் சதுரக் குறியீட்டின்முன் காட்டுகின்றனர். பணம் கைமாறுவதையோ குறைவதையோ குழந்தை காண்பதில்லை. கல்லாவின் அருகே உள்ள சிறு ஒலிபெருக்கி தொகையை அறிவிப்பது மட்டுமே அதற்குக் கிடைக்கும் சான்று. மீதிச் சில்லறை என்ற ஒன்றே இல்லாத இம்முறையில், பெர்த்தி-போம்பி வரிசையின் இறுதிப் படி எவ்வாறு அமையும் என்பது இனி ஆராயப்பட வேண்டியது. பரிசு வாங்கும் நாளிலாவது நோட்டுகளைக் கொண்டு செல்வது எளிய மாற்று.

எஞ்சியிருப்பது ஏற்றத்தாழ்வு பற்றியது. இதில் தனி வீட்டின் முயற்சி மட்டும் போதாது. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரக் குடும்பங்களுடன் நெடுநாள் பழகி அலிசன் பியூ 2009இல் எழுதிய நூல், குழந்தைகள் பொருள்களைக் கேட்பது பேராசையால் அன்று, தோழர்களின் பேச்சில் தமக்கும் இடம் வேண்டும் என்பதனால்தான் என்று காட்டுகிறது. அவர் அதை மதிப்புக்கான பொருளாதாரம் என்று அழைக்கிறார். வருவாய் குறைந்த பெற்றோர், அத்தியாவசியச் செலவுகளைத் தள்ளிவைத்தும், பிள்ளையை வகுப்பில் தலைகுனியச் செய்யாத ஒரு பொருளை வாங்கித் தருகின்றனர். வசதி மிக்க பெற்றோர் தம் கட்டுப்பாட்டை வெளிக்காட்டிக்கொண்டே வாங்கிக் குவிக்கின்றனர். தமிழகத்துப் பள்ளிகளில் பிறந்தநாளன்று கலர் டிரஸ் அணிந்து வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் கொடுக்கும் பழக்கத்திலும் இது தெரியும். ஒரு ரூபாய் மிட்டாய் கொடுத்த பிள்ளைக்கும், பெரிய சாக்லேட்டும் பென்சில் பெட்டியும் கொடுத்த பிள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டை, விலையை இன்னும் சரிவரக் கூட்டத் தெரியாத முதல் வகுப்புப் பிள்ளையும் அன்று மாலையே வீட்டில் வந்து சொல்லிவிடும். விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்குத் தரப்படும் ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. மோஸ் கூறிய மூன்றாம் கடமை அங்கே கால இடைவெளியின்றி உடனுக்குடன் நிறைவேற்றப்படுவதால், அது உறவை நீட்டுவதாக இல்லாமல் கணக்கை முடிப்பதாகிவிடுகிறது.

சில பள்ளிகள் இனிப்புக்குப் பதிலாக வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுக்கச் சொல்கின்றன. சில குடியிருப்புகளில் பெற்றோர் தமக்குள் பேசி, பரிசு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொள்கின்றனர். வரம்பு வைப்பதால் வசதிக் குறைவு மறைந்துவிடாது. இருநூறு ரூபாய் ஒரு வீட்டில் எண்ணிப் பாராத தொகை, இன்னொரு வீட்டில் இரண்டு நாள் காய்கறிச் செலவு. எனினும் எல்லோரும் ஒரே தொகைக்குள் நிற்கும்போது, ஒரு பரிசு மற்றொன்றைவிடச் சிறந்ததாக அமைவதற்கு, பெறுபவனை அறிந்திருத்தல் ஒன்றே வழியாகிறது. பிள்ளைகளுக்குத் தேர்வை விட்டுக்கொடுக்கப் பெற்றோர் அஞ்சுவதும் குறைகிறது. ஒத்த வயதினரின் விருந்துகளில் இவ்வாறு உடன்பாடு காண்பது இயலும். தாய்மாமன் சீரோடு வந்து நிற்கும் ஆண்டு நிறைவு விழாவில் அது இயலாது. அங்கே தொகை குழந்தைக்காக வைக்கப்படுவதில்லை, இரு குடும்பங்களுக்கு இடையிலான வேறொரு நோட்டில் ஏறுகிறது.